‘ட்வார்ஃப்’: குள்ளரா, குறளரா?

மலைக்கு அடியில் நகரம் கட்டி வாழும் கொல்லர் இனம் ஒன்றுக்கு வரலாறு எழுத உட்கார்ந்தேன். கற்பனைக் கதைதான். ஆனால் முதல் வரியிலேயே சிக்கல். “குள்ளர்கள் கோடரியோடு எழுந்தார்கள்” என்று எழுதிவிட்டு ஒரு முறை வாய்விட்டுப் படித்தேன், சிரிப்புதான் வந்தது. ‘ட்வார்ஃப்கள்’ என்று ஆங்கிலச் சொல்லையே போட்டு மாற்றினேன். அப்புறம் அது தமிழ்க் கதையாகவே இல்லை. சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, உண்மையில் எதைக் குறித்தது என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று தேடப் போனேன். தேடியதில் கிடைத்தது இது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘ட்வெயோர்க்’. ஐஸ்லாந்துக்காரர்கள் எழுதிவைத்த பழைய நார்ஸ் மொழியில் ‘ட்வெர்கர்’. இன்றைய ஜெர்மனில் ‘ட்ஸ்வெர்க்’. மூன்றும் ஒரே ஜெர்மானிய வேரின் கிளைகள். அந்த வேருக்கும் பின்னால் என்ன இருந்தது என்பதில் மொழியியலாளர்களிடையே ஒருமித்த முடிவு கிடையாது. ‘ஏமாற்றுதல், கெடுதல் செய்தல்’ என்ற பொருளுள்ள ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரோடு இதைச் சேர்ப்பது ஒரு கருத்து. அந்த வேரிலிருந்து சமஸ்கிருதத்தில் பிறந்தது ‘த்ருஹ்’. அதிலிருந்து நமக்கு வந்தது ‘துரோகம்’. இந்தக் கருத்து சரி என்றால், ட்வார்ஃபும் துரோகியும் தூரத்துப் பங்காளிகள்.

இதில் உயரத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பழைய நார்ஸ் பாடல்களில் வரும் ட்வெர்கர்கள் குட்டையானவர்கள் என்று தெளிவாகச் சொல்லும் வரியைத் தேடினாலும் அகப்படாது. அவர்கள் பாறைக்குள் வாழ்பவர்கள், உலோகத்தில் வித்தை காட்டுபவர்கள், பகல் வெளிச்சம் ஆகாதவர்கள். 1220-களில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லூசன் என்ற அறிஞர் எழுதிவைத்தபடி, இமிர் என்ற ஆதி அரக்கனின் பிணத்தில் புழுக்களாக நெளிந்தவர்களுக்குத் தேவர்கள் அறிவும் மனித உருவமும் கொடுத்தார்கள். அந்த அரக்கனின் மண்டையோடுதான் வானம். அதன் நான்கு மூலைகளையும் நான்கு ட்வெர்கர்கள் தாங்குகிறார்கள். அவர்கள் பெயர்களே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. வானத்தைத் தாங்குகிறவனைக் குள்ளன் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

பழைய ஆங்கிலத்தில் இன்னொரு பொருளும் உண்டு, அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘ட்வெயோர்க்’ என்பது ஒரு நோயின் பெயர். உடல் நடுங்கி, தூக்கிப்போடும் காய்ச்சல். ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டைச் சேர்ந்த மருத்துவச் சுவடி ஒன்றில் ‘ட்வெயோர்க்குக்கு எதிராக’ ஒரு மந்திரமே இருக்கிறது. ஏழு சிறிய அப்பங்களில் ஏழு புனிதர்களின் பெயரை எழுதி நோயாளியின் கழுத்தில் கட்ட வேண்டும். ஏறக்குறைய நம் ஊர்த் தாயத்துதான். டென்மார்க்கின் ரீபே என்ற ஊரில், எட்டாம் நூற்றாண்டில் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்துகள் செதுக்கிய மண்டையோட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. வலிக்கு எதிராக, தேவர்களின் தலைவனான ஓடின் உள்ளிட்டோரைத் துணைக்கு அழைக்கும் அந்த வாசகத்திலும் ட்வெர்கர் வருகிறான், வீழ்த்தப்பட வேண்டியவனாக.

இப்போது ஒரு நடராசர் சிலையை நினைத்துப் பாருங்கள். காலடியில் குறுகிக் கிடக்கும் உருவத்தின் பெயர் முயலகன். அந்தச் சொல்லே தமிழில் வலிப்பு நோய்க்கும் பெயர். கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளைப் பிடித்திருந்த முயலகன் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் திருஞானசம்பந்தர் தீர்த்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. வடகடல் ஓரத்திலும் கொள்ளிடக் கரையிலும், உடலை உலுக்கும் நோயை ஒரு குறு உருவத்தின் சேட்டையாகப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு இது போதும். மனிதர்கள் தங்கள் காய்ச்சலுக்கு உங்கள் கதையில் வரும் இனத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த இரண்டு இனங்களுக்கும் நடுவே எத்தனை தலைமுறைப் பகை இருந்திருக்கும்!

சுரங்கத்துக்கு வருவோம். ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் கோபோல்ட் என்ற நிலத்தடிக் குறளி ஒன்று இருப்பதாக நம்பினார்கள். வெள்ளி என்று நினைத்து உருக்கிய தாது வெள்ளி தராமல் ஆர்சனிக் நச்சுப் புகையை மட்டும் கக்கினால், அது கோபோல்ட் செய்த வேலை. செம்பு போலத் தெரிந்து செம்பு தராத தாதுவுக்கு ‘நிக்கல் பேயின் செம்பு’ என்று பெயர் வைத்தார்கள். 1730-களில் கேயோர்க் பிராண்ட் கண்டறிந்த தனிமம் கோபால்ட். 1751-இல் ஆக்சல் குரோன்ஸ்டெட் பிரித்தெடுத்தது நிக்கல். உங்கள் கைப்பேசி மின்கலத்தில் அந்த ஏமாற்றுக்காரர்கள் இருவருமே இருக்க வாய்ப்பு உண்டு.

‘குட்டையானவர்’ என்ற பொருள் மெல்ல மெல்ல மற்றப் பொருள்களை விழுங்கியது. நாட்டுப்புறக் கதைகள் உருவத்தைச் சுருக்கின. அரண்மனைகளில் வேடிக்கைக்காக வைத்திருந்த மனிதர்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1937 ஒரு வேடிக்கையான ஆண்டு. அந்த ஒரே ஆண்டில் டிஸ்னியின் ஏழு குள்ளர்கள் திரைக்கு வந்தார்கள். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘ஹாபிட்’ என்ற கற்பனைக் கதைப் புத்தகமும் வந்தது. படத்தின் பெயரில் இருந்தது வழக்கமான பன்மை, ‘ட்வார்ஃப்ஸ்’. டோல்கீன் எழுதியது ‘ட்வார்வ்ஸ்’. இலக்கணப்படி அது பிழை என்று அவருக்கே தெரியும். ஆங்கிலம் தன் போக்கில் வளர்ந்திருந்தால் பன்மை ‘ட்வாரோஸ்’ என்று ஆகியிருக்கும் என்றும் அவர் சொன்னார். ஆனாலும் பிழையை விட்டுவைத்தார். அது அவர் படைத்த இனத்தைச் சிறுவர் கதைக் கோமாளிகளிடமிருந்து பிரித்துக் காட்டியது. ஓர் எழுத்தை மாற்றியதில் ஓர் இனத்துக்கே மரியாதை கிடைத்துவிட்டது. தமிழில் நாம் செய்ய வேண்டியதும் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

தமிழில் கைவசம் என்னென்ன இருக்கின்றன? ‘குள்ளர்’ எல்லாருக்கும் புரியும். ஆனால் அது இனத்தின் பெயர் இல்லை, ஒருவரின் உயரத்தைச் சுட்டும் சொல். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேரை அழவைத்த சொல். வளர்ச்சிக் குறைபாட்டால் உயரம் குறைந்தவர்களை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனி வகையாகவே குறிப்பிடுகிறது. நிஜ மனிதர்களின் உடல்நிலையையும் தாடி வைத்த கற்பனைக் கொல்லர்களையும் ஒரே சொல்லால் கூப்பிடுவது எனக்கு ஒப்பவில்லை. ‘சித்திரக்குள்ளர்’ என்றால் சுண்டுவிரல் அளவு ஆட்கள் நினைவுக்கு வருவார்கள். ‘வாமனர்’ என்றால் பெருமாள்தான் வந்து நிற்பார். ‘பூதகணம்’ நல்ல சொல்தான். கோயில் விமானத்தின் கூரைக்குக் கீழே வரிசையாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் பூதவரியைப் பார்த்தவர்களுக்கு ஆசை வரும். ஆனால் அவர்கள் சிவனுடைய ஆட்கள். நம் கதைக்கு வேலைக்கு வர மாட்டார்கள்.

மிஞ்சுவது ‘குறளர்’. குறு என்ற அடியிலிருந்து வந்த பழைய சொல் ‘குறள்’. ஏழே சீரில் முடியும் குறள்வெண்பாவுக்கும் அதே பெயர்தான். கலித்தொகையின் 94-ஆம் பாடலில் ஒரு குறளனும் ஒரு கூனியும் வழிமறித்துப் பேசிக்கொள்வார்கள். கிண்டலும் வசவும் காதலும் கலந்த அந்தப் பேச்சில் இருவருக்குமே நாக்கு கூர்மை. சிலப்பதிகாரத்தில் அரண்மனைப் பணியாளர் வரிசையில் கூனும் குறளும் சேர்ந்தே வருவர். பெரியாழ்வார் குழந்தைக் கண்ணனுக்கு “மாணிக் குறளனே தாலேலோ, வையம் அளந்தானே தாலேலோ” என்று தாலாட்டுப் பாடுகிறார். குறளன் என்று கூப்பிட்ட அதே மூச்சில் உலகை அளந்தவன் என்கிறார். சிறுமையும் பெருமையும் ஒரு சொல்லுக்குள் இருப்பது இங்கே பழைய வழக்கம். போதாக்குறைக்குக் ‘குறளி’ வேறு இருக்கிறது. மந்திரவாதி ஏவும் குட்டிப் பேய் அது. கோபோல்டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைக்காது.

வானியலிலும் இதே அடி உதவுகிறது. 2006-இல் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து இறக்கினார்கள். அதற்குக் கொடுத்த புதுப் பட்டத்தில் இருந்த ‘ட்வார்ஃப்’ தமிழில் ‘குறு’ ஆகி, ‘குறுங்கோள்’ பிறந்தது. எரிந்து அடங்கிய விண்மீனை ‘வெண்குறுமீன்’ என்கிறோம். அங்கே யாருக்கும் ‘குள்ளன்’ தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை. குறளர் என்பதைக் குறவர், குறும்பர் என்று தடுமாறி எழுதிவிடக் கூடாது. அவை உயிரோடு வாழும் மக்களின் பெயர்கள். குறும்பர் நீலகிரியின் பழங்குடிகளில் ஒரு பிரிவினர்; அவர்களைச் சூனியக்காரர்கள் என்று அக்கம்பக்கத்தார் அஞ்சிய கதைகளே ஏற்கெனவே போதும். கற்பனை இனத்தையும் சேர்த்து அவர்கள் தலையில் கட்ட வேண்டாம்.

பெயர் கிடைத்ததும் வரலாறு தானாக இறங்கி வந்தது. குறளர் இரும்பை உருக்குகிறவர்கள் என்றால் மலைமலையாகக் கரி வேண்டும். கரி வேண்டுமென்றால் காடு வேண்டும். காடு மலைக்கு வெளியே, வேறு யாருடைய கையிலோ இருக்கிறது. ஆக, முதல் போர் பொன்னுக்காக வந்திருக்காது, விறகுக்காக வந்திருக்கும். வெடிமருந்து இல்லாத காலத்தில் பாறையைப் பிளக்க அதன் மேல் தீ மூட்டிக் காயவைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்கும் விறகு, அதோடு புகை போக வழி. ஆழமான சுரங்கத்தில் மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்று தெரிய நார்வே போக வேண்டியதில்லை. கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வெப்பம் தாங்காமல் குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. அழுத்தம் தாளாமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். 2001-இல் அதை மூடினார்கள். காற்றுக்கும் தண்ணீருக்கும் கணக்குப் பார்க்காத குறளர் நகரம் ஒரு வாரம்கூடத் தாங்காது. நம் மலைப்பகுதிகளில் சில ஊர்களில், பெருங்கற்காலக் கற்திட்டைகளைக் காட்டி, குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்பார்கள். உண்மையில் அவை ஈமச் சின்னங்கள். கதைக்கு அது இன்னும் நல்லது.

கருவிகளுக்கு உலை, துருத்தி, சம்மட்டி, குறடு எல்லாம் தமிழில் தயாராக இருக்கின்றன. நார்ஸ் கதைகளில் இடித் தேவனான தோரின் சம்மட்டிக்குக் காம்பு ஏன் குட்டை தெரியுமா? ப்ரோக் என்ற ட்வெர்கர் துருத்தி ஊதிக்கொண்டிருந்தபோது, தந்திரக்காரனான லோகி ஈயாக வந்து கண்ணிமையில் கடித்தான். கண்ணுக்குள் ரத்தம் வழிய, அதைத் துடைக்க ஒரு நொடி ப்ரோக் கையை எடுத்தான். அந்த ஒரு நொடிதான் காம்பில் குறைந்தது. உலையில் நின்று பார்த்த எவனோதான் இந்தக் கதையைக் கட்டியிருக்க வேண்டும்.

கடைசியாக, இந்த இனத்தின் நிகண்டு ஆசிரியரைச் சொல்லாமல் விட முடியாது. பழைய நார்ஸ் பாடல் ஒன்றில் ஆல்வீஸ் என்ற ட்வெர்கர் வருகிறான். பெயருக்கு ‘எல்லாம் அறிந்தவன்’ என்று பொருள். தோரின் மகளைப் பெண் கேட்டு இரவில் வந்து நிற்கிறான். தோர் உடனே சம்மதிக்கவில்லை, கேள்வி கேட்கிறான். மண்ணுக்கு ஒவ்வோர் இனமும் என்ன பெயர் சொல்லும்? வானத்துக்கு? நிலவுக்கு? மனிதர் இப்படி, தேவர் இப்படி, அரக்கர் இப்படி என்று ஆல்வீஸ் அடுக்குகிறான். வானத்துக்கு அவன் இனத்தார் வைத்திருக்கும் பெயர் ‘சொட்டும் கூடம்’. குகையில் பிறந்து வளர்ந்தவனுக்கு வானமும் ஒழுகும் கூரைதான். காற்று, கடல், நெருப்பு, பயிர் என்று பதின்மூன்று கேள்விகள். கடைசியாக மதுவுக்கு என்ன பெயர் என்று தோர் கேட்கிறான். அதற்கும் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடுகிறது. கூடத்துக்குள் வெயில் விழுகிறது. ஏமாற்றுக்காரன் என்று பெயரெடுத்த இனத்தில் பிறந்தவன், சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொண்டே ஏமாந்துபோய், நின்ற இடத்தில் கல்லாகிறான்.