சில்லரில் விஎஃப்டி: ஓடுகிறது, சரி. வேகம் குறைகிறதா?

சில்லர் என்பது பெரிய கட்டடங்களின் ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்; விஎஃப்டி என்பது அதன் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின் கருவி, சுருக்கமாக டிரைவ். புதிதாக விஎஃப்டி மாட்டிய சில்லரின் கமிஷனிங் (முதன்முதலில் ஓட்டிச் சோதித்து ஒப்படைக்கும்) அறிக்கையைப் புரட்டினால் பெரும்பாலும் இப்படித்தான் எழுதியிருக்கும்: "50 ஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்த்தோம். கரன்ட் லிமிட்டுக்குள் இருக்கிறது. ட்ரிப் இல்லை." கீழே இரண்டு கையெழுத்து. 50 ஹெர்ட்ஸில் ஓட்டுவதற்கு விஎஃப்டியே வேண்டாம், பழைய ஸ்டார்ட்டர் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. வேகம் குறைய வேண்டிய நேரத்தில் குறைகிறதா, குறைந்தால் மின்சாரம் உண்மையாகவே மிச்சமாகிறதா, அந்த வேகத்தில் கம்ப்ரசருக்கு எதுவும் ஆகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரிபார்ப்பு. ஆஸ்பத்திரி, ஐடி கட்டடம், மருந்துத் தொழிற்சாலை என்று சில்லர் பிளான்ட்டுகளிலேயே வேலை செய்பவன் நான். கட்டடத்தைப் பராமரிப்பவர்களும், டிரைவுக்குப் பணம் கொடுப்பவர்களும் இதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 415 வோல்ட் சப்ளை டிரைவுக்குள் டிசியாக மாறும்போது ஏறக்குறைய 587 வோல்ட் ஆகிவிடும். மெயின் பிரேக்கரை ஆஃப் செய்த பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்களில் அந்த வோல்டேஜ் பல நிமிடம் நிற்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மூடியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். டிஸ்ப்ளே அணைந்துவிட்டது, சிவப்பு லைட் போய்விட்டது என்பதை நம்பிக் கை வைக்கக் கூடாது. ஸ்டிக்கரில் உள்ள நேரம் முழுக்கக் காத்திருந்து, அந்த வோல்டேஜுக்கு ஏற்ற மீட்டரால் டிசி பிளஸ், மைனஸ் முனைகளில் அளந்து பார்க்க வேண்டும். அளப்பதற்கு முன்னும் பின்னும் மீட்டர் வேலை செய்கிறதா என்று தெரிந்த ஒரு சப்ளையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். "ஏசி வரலை" என்று மேல்மாடியிலிருந்து போன் மேல் போன் வரும்போதுதான் இந்தச் சில நிமிடங்களை ஆட்கள் விழுங்கிவிடுகிறார்கள். போன் செய்பவர் காத்திருக்கட்டும்.

பழைய சில்லருக்குப் புதிதாக டிரைவ் போடுவதில் தொல்லைகள் கொஞ்சம் அதிகம். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓடிய மோட்டாரிலிருந்து ஆறு கேபிள் வெளியே வரும். டிரைவுக்கு மாற்றும்போது அந்த ஆறு முனைகளையும் நிரந்தரமாக டெல்டாவில் இணைக்க வேண்டும். யாராவது தவறுதலாக ஸ்டாரில் விட்டுவிட்டால் ஒவ்வொரு சுருளுக்கும் 58 சதவீத வோல்டேஜ்தான் போய்ச் சேரும், டார்க் மூன்றில் ஒரு பங்காகிவிடும். லோடு ஏறியதும் கரன்ட் எகிறி டிரைவ் ட்ரிப் ஆகி நின்றுவிடும். அதற்கு டிரைவ் சைஸ் பத்தவில்லை என்று காரணம் சொல்லப்படும்.

அதைவிட மோசமானது மறந்துபோன கப்பாசிட்டர். பவர் ஃபேக்டருக்காக மோட்டார் முனையிலேயே கப்பாசிட்டர் இணைத்திருப்பார்கள். ஸ்டார்ட்டர் பேனல் போனாலும், தனி டப்பாவில் இருக்கும் அது அப்படியே தங்கிவிடும். டிரைவின் அவுட்புட்டில் கப்பாசிட்டர் இருக்கவே கூடாது. டிரைவ் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஸ்விட்ச் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் கப்பாசிட்டர் பெரிய கரன்ட்டை இழுக்கும், உள்ளே ஸ்விட்ச் ஆகும் பாகமான ஐஜிபிடி போய்விடும். டிரைவிலிருந்து மோட்டார் வரை கேபிளைக் கையால் தொட்டுக்கொண்டே நடந்து பார்த்துவிடுவது நல்லது. டிராயிங்கில் இல்லாதது தரையில் இருக்கும்.

மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் மீட்டர்) போடுவதிலும் இரண்டு எச்சரிக்கை. மோட்டாரை மெக்கர் செய்யும் முன் டிரைவின் அவுட்புட் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். மெக்கரின் வோல்டேஜை டிரைவ் தாங்காது. இன்னொன்று, ஹெர்மெட்டிக் கம்ப்ரசர் (மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே மூடிய கூட்டுக்குள் இருப்பது) வேக்கூமில் இருக்கும்போது மெக்கர் போடவே கூடாது. வேக்கூமில் மின்காப்பு பலவீனமாகிச் சுருளுக்குள் ஆர்க் அடிக்கும். கேஸ் கழற்றி வேக்கூம் போட்டு வைத்த நேரத்தில் "சும்மா இருக்கோமே, மெக்கர் பாத்துடலாம்" என்று யாரையும் தொடவிடாதீர்கள்.

பாராமீட்டர் போடுவதற்கு நேம்பிளேட்டுதான் ஆதாரம். கரன்ட், வோல்டேஜ், ஆர்பிஎம் எல்லாம் அதைப் பார்த்துத்தான். இறக்குமதி மெஷின்களில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: நேம்பிளேட்டில் 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். ஹெர்ட்ஸுக்கு 7.67 வோல்ட் என்பது அதன் கணக்கு. அதை நம்முடைய 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று டிரைவில் போட்டால் ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட் ஆகிறது. காந்தப்புலம் அளவுக்கு மீறி ஏறி, லோடு குறைவாக இருக்கும்போதுகூட மோட்டார் சூடாகும். அந்த மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 383 வோல்ட் போதும். ஆட்டோ டியூனிங்கில் (மோட்டாரின் தன்மையை டிரைவ் தானே அளந்துகொள்வது), மோட்டாரைச் சுழலவிட்டுச் செய்யும் வகை ஹெர்மெட்டிக் கம்ப்ரசருக்கு ஆகாது, ஏனென்றால் உள்ளே கம்ப்ரசரிலிருந்து மோட்டாரைப் பிரிக்க முடியாது. நிற்கும் நிலையில் செய்யும் டியூனிங்தான்.

சுழலும் திசையையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ, ஸ்க்ரோல் கம்ப்ரசர்கள் எதிர்த்திசையில் கொஞ்ச நேரம் ஓடினாலே கெட்டுவிடும். இன்புட்டில் ஃபேஸ் மாறினாலும் டிரைவ் வழியாக ஓடும்போது திசை மாறாது. ஆனால் டிரைவைத் தவிர்த்து நேரடி சப்ளையில் ஓட்டும் பைபாஸில் மாறும். டிரைவில் சரியாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின், டிரைவ் பழுதான ஒரு நாள் பைபாஸில் போட்டதும் தலைகீழாகச் சுழலும். அதனால் பைபாஸ் இருந்தால் இரண்டு வழியிலும் திசையைப் பார்த்தால்தான் வேலை முடிந்தது.

இனி முக்கியமான விஷயம். விஎஃப்டி விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு, வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் பாதியாகும் என்பது. 0.8-ஐ மூன்று தடவை பெருக்கினால் 0.512, கணக்கு சரிதான். கூலிங் டவர் ஃபேனுக்கு அது ஏறக்குறைய பொருந்தும். சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரசருக்கு (வேகமாகச் சுழலும் சக்கரத்தால் கேஸை அழுத்தும் வகை) அப்படியே பொருந்தாது. எவாப்பரேட்டரில் கேஸ் தண்ணீரின் வெப்பத்தை எடுக்கிறது, கண்டென்சரில் அதை வெளியே விடுகிறது. கம்ப்ரசர் எவாப்பரேட்டர் பிரஷரிலிருந்து கண்டென்சர் பிரஷர் வரை கேஸைத் தூக்கிவிட வேண்டும். இதை லிஃப்ட் என்போம். வேகம் 80 சதவீதம் ஆனால் கம்ப்ரசரால் தூக்க முடிகிற உயரம் 64 சதவீதம்தான். கண்டென்சர் பிரஷர் குறையாமல் வேகத்தை மட்டும் குறைத்தால் கேஸ் பின்னோக்கி அடிக்கும். அதுதான் சர்ஜ். ஹூம் என்ற சத்தத்தோடு கரன்ட் ஏறி இறங்கும், பைப் அதிரும், தொடர்ந்து நடந்தால் பேரிங் போய்விடும்.

அதனால் சில்லரின் கன்ட்ரோலர் வேகத்தையும் இன்லெட் கைடு வேனையும் (கம்ப்ரசருக்குள் போகும் கேஸைக் கட்டுப்படுத்தும் தகடுகள்) சேர்த்து ஆட்டுகிறது. மே மாத மதியம், கண்டென்சருக்குள் 32 டிகிரி தண்ணீர் வரும்போது, லோடு பாதிதான் என்றாலும் டிரைவ் 47, 48 ஹெர்ட்ஸில் நின்று வேன்களை மூடிக்கொள்ளும். அது பழுது இல்லை, இயற்பியல். அதே பாதி லோடு, மழைக்கால ராத்திரியில் 25 டிகிரி தண்ணீரோடு வந்தால் வேகம் நன்றாக இறங்க வேண்டும். லோடு குறைந்தால் மட்டும் போதாது, லிஃப்டும் குறைய வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த விஎஃப்டி சில்லரையும் சரிபார்க்க முடியாது.

கேட்டலாகில் போட்டிருக்கும் ஐபிஎல்வி எண்ணையும் (பல பகுதி லோடுகளின் செயல்திறனைச் சேர்த்துச் சொல்லும் ஒரே எண்) இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஏஹெச்ஆர்ஐ என்ற அமெரிக்கத் தொழில் அமைப்பின் விதிப்படி அந்தக் கணக்கில் 50 சதவீத லோடுக்கு 45 சதவீத எடை, 75 சதவீத லோடுக்கு 42 சதவீத எடை. பாதி லோடில் கண்டென்சருக்குள் 18.3 டிகிரி தண்ணீர் வருவதாக வைத்துக்கொள்கிறார்கள். கூலிங் டவர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வெட் பல்பு வெப்பநிலைக்கு (ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது) கீழே தண்ணீரைக் குளிர்விக்க முடியாது. கோடையில் சென்னையின் வெட் பல்பு 27, 28 டிகிரியைத் தொடும், மார்கழியிலும் 18 டிகிரித் தண்ணீர் அபூர்வம். ஆகவே ஐபிஎல்வியை வைத்துப் போட்ட மிச்சக் கணக்கு சென்னையில் அப்படியே வராது. நம் ஊர் வெப்பநிலைகளை வைத்துப் பகுதி லோடு எண்களைக் கேட்டு வாங்குங்கள். நல்ல நிறுவனங்கள் கொடுப்பார்கள்.

இதையும் தாண்டி, கிடைக்கிற லிஃப்ட் குறைவைக்கூட நாமே தடுத்துவிடுகிறோம். டவர் ஃபேனின் செட்பாயின்ட்டை 30 டிகிரியில் வைத்து, அதற்குக் கீழே போனால் ஃபேன் நின்றுவிடும்படி விட்டிருப்பார்கள். ஃபேனில் மிச்சமாகும் சில கிலோவாட்டுக்காகக் கம்ப்ரசரில் பல கிலோவாட் போகிறது. உங்கள் மாடலுக்குக் குறைந்தபட்சக் கண்டென்சர் தண்ணீர் வெப்பநிலை என்ன என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அது வரைக்கும் இறங்கவிடுங்கள்.

ஓர் ஆஸ்பத்திரி பிளான்ட்டில் பார்த்தது இது. டிரைவ் போட்டும் கரன்ட் பில் இறங்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். ராத்திரி லோடு பாதிக்கும் கீழே, தண்ணீரும் குளிர்ச்சி, ஆனாலும் டிஸ்ப்ளே 45 ஹெர்ட்ஸிலேயே நின்றது. "எப்பவும் இதுதான் சார், இதுக்குக் கீழ போகாது" என்றார் ஆபரேட்டர். பாராமீட்டரைத் திறந்தால் குறைந்தபட்ச வேகம் 45 என்று யாரோ மாற்றியிருந்தார்கள். காரணம் லாக் புக்கிலேயே இருந்தது: சர்ஜ் புகார் வந்திருக்கிறது, குறைந்தபட்ச வேகத்தை ஏற்றியதும் புகார் நின்றிருக்கிறது. சர்ஜ் ஏன் வந்தது என்பதை யாரும் தேடவில்லை. கண்டென்சர் அப்ரோச், அதாவது கேஸ் திரவமாகும் வெப்பநிலைக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம், கிட்டத்தட்ட 5 டிகிரி. சுத்தமான டியூப்பில் அது ஒன்று, இரண்டு டிகிரிதான் இருக்க வேண்டும். டியூப்பில் உப்புப் படிந்து, கண்டென்சர் பிரஷர் ஏறி, லிஃப்ட் கூடி, அதனால் சர்ஜ். டீஸ்கேலிங் செய்து, குறைந்தபட்ச வேகத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்த பிறகு ராத்திரியில் டிரைவ் 38 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது, சர்ஜ் இல்லாமல். சர்ஜ் வந்தால் முதலில் அப்ரோச்சைப் பாருங்கள், பாராமீட்டருக்கு அப்புறம் போகலாம்.

மிச்சத்தை அளப்பதில் நடக்கும் பெரிய தவறு, கிளாம்ப் மீட்டரை மட்டும் நம்புவது. ஒரு மோட்டார் நேரடி சப்ளையில் 300 ஆம்பியர், 0.85 பவர் ஃபேக்டரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 415 வோல்ட்டில் அது 183 கிலோவாட். அதே லோடு, அதே வேகத்தில் டிரைவ் போடுகிறோம். டிரைவுக்குள் இரண்டரை சதவீதம் நஷ்டம் போக, இன்புட்டில் 188 கிலோவாட் இழுக்கும். ஆனால் இன்புட்டில் பவர் ஃபேக்டர் 0.95 ஆகிவிடுவதால் கரன்ட் 275 ஆம்பியர்தான் காட்டும். கரன்ட் 8 சதவீதம் குறைந்திருக்கிறது, மின்சாரச் செலவு ஏறியிருக்கிறது! "ஆம்பியர் குறைஞ்சிருக்கு பாருங்க" என்று காட்டிப் பில் வாங்கிப் போவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். டிரைவின் இன்புட் பக்கம் பவர் அனலைசர் வைத்துக் கிலோவாட் கேளுங்கள்.

கிலோவாட் மட்டும் தெரிந்தால் பாதி வேலைதான். எவ்வளவு குளிர்ச்சி வந்தது என்பதும் வேண்டும். சில்டு வாட்டர் ஃப்ளோவை மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று எடுத்து, உள்ளே வெளியே வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, 3.024-ஆல் வகுத்தால் டன் (குளிர்விக்கும் திறனின் அலகு) வரும். 180 கன மீட்டர், 5 டிகிரி என்றால் 298 டன். அப்போது 165 கிலோவாட் இழுத்தால் டன்னுக்கு 0.55 கிலோவாட். இதில் வெப்பநிலை சென்சார்தான் ஏமாற்றும். 5 டிகிரி வித்தியாசத்தில் 0.3 டிகிரி தவறு என்றால் 6 சதவீதப் பிழை. பகுதி லோடில் வித்தியாசம் 2.5 டிகிரி ஆகும்போது அதுவே 12 சதவீதம். இதற்குச் செலவில்லாத சோதனை உண்டு: கம்ப்ரசரை நிறுத்திவிட்டுப் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு சென்சாரும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு பிறகு அளவெடுங்கள்.

எடுத்த அளவு நம்பத்தக்கதா என்று தெரிய வெப்பச் சமநிலையைப் பார்க்க வேண்டும். எவாப்பரேட்டரில் எடுத்த வெப்பமும் கம்ப்ரசர் இழுத்த மின்சாரமும் சேர்ந்து கண்டென்சர் வழியாக வெளியே போயாக வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் 298 டன் என்பது 1,047 கிலோவாட். அதோடு 165 சேர்த்தால் 1,212. கண்டென்சர் பக்கம் 230 கன மீட்டர், 4.5 டிகிரி என்றால் சுமார் 1,204 கிலோவாட் வருகிறது. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, நம்பலாம். 5 சதவீதத்துக்கு மேல் போனால் எங்கோ ஒரு மீட்டரோ சென்சாரோ பொய் சொல்கிறது. அந்த நாளின் டன், கிலோவாட் எதையும் அறிக்கையில் எழுதக் கூடாது.

ஹார்மானிக்ஸையும் (சப்ளை அதிர்வெண்ணின் மடங்குகளில் கலக்கும் வேண்டாத அலைகள்) அளந்துவிடுங்கள். சாதாரண ஆறு பல்ஸ் டிரைவ் ஐந்தாவது, ஏழாவது ஹார்மானிக்கைச் சப்ளைக்குள் திருப்பிவிடும். மெயின் பேனலில் ரியாக்டர் இல்லாத கப்பாசிட்டர் பேங்க் இருந்தால் அது அதிர்ந்து வீங்கிப்போகும். ஐஇஇஇ 519 தரநிலை சப்ளை இணையும் இடத்தில் 1,000 வோல்ட் வரைக்கும் 8 சதவீத, 11 கிலோவோல்ட்டில் 5 சதவீத வோல்டேஜ் ஹார்மானிக்ஸ் வரை அனுமதிக்கிறது. டிரைவ் போடும் முன் ஒரு அளவு, போட்ட பின் ஒரு அளவு, இரண்டும் கோப்பில் இருந்தால் பின்னால் சண்டை வராது.

கமிஷனிங் நாளில் பகுதி லோடும் குளிர்ந்த தண்ணீரும் ஒன்றாகக் கிடைக்காது. அதனால் பேமென்டில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, மழைக்காலத்தில் ஒரு முறை திரும்ப வந்து அளந்து கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வேகம், வேன் திறப்பு, கிலோவாட், நான்கு தண்ணீர் வெப்பநிலைகள், இரண்டு பிரஷர்கள் ஆகியவற்றை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்ய விட்டு, ஒரு வாரத்து டேட்டாவை வாங்குங்கள். கையோடு பாராமீட்டர் முழுவதையும் பிரின்ட் எடுத்து, தேதி போட்டு, பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். பிறகு எதை யார் மாற்றினாலும், பழைய எண், புதிய எண், காரணம், பெயர் நான்கையும் அதிலேயே எழுத வேண்டும்.