மார்க்கீ: கூடாரமா, நெற்றியா?

கன்னங்குறிச்சியில் அக்கா வீட்டு மொட்டைமாடி அறை இப்போது கேம் ரூம். அக்கா மகன் ஆறு மாதமாக ஞாயிறுதோறும் ப்ளைவுட் அறுத்து ஆள் உயரத்துக்கு ஒரு ஆர்கேட் பெட்டி செய்திருக்கிறான். உள்ளே பழைய டிவி, முன்னால் ஜாய்ஸ்டிக், பட்டன், காசு போடுவதற்கு ஒரு சும்மா ஓட்டை. எல்லாம் முடிந்து, பெட்டியின் உச்சியில் ஒளிரும் பெயர்ப்பெட்டி மட்டும் பாக்கி இருந்தது. ஆங்கிலத்தில் அதற்கு மார்க்கீ என்று பெயர்.

"மாமா, மார்க்கீக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டான்.

நான் சேலத்தில் போர்டுக் கடைகளுக்குத் தமிழ் எழுத்துக் கோத்துக் கொடுத்துப் பிழைப்பவன். என்னிடம் கேட்டதில் தப்பில்லை. ஆனால் பதில் வரவில்லை. அகராதியைப் பிரித்தால் 'பெரிய கூடாரம்' என்று போட்டிருந்தது. பையன் டிவி பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

அகராதி பொய் சொல்லவில்லை, பாதி வழியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அந்தச் சொல்லுக்குக் கூடாரம் என்றுதான் பொருள். பிரெஞ்சில் அது மார்க்கீஸ். படை அதிகாரியின் கூடாரத்துக்கு மேலே கூடுதலாக விரிக்கும் துணிக்கு அந்தப் பெயர். அதே மார்க்கீஸ் ஒரு பிரபுவின் மனைவியையும் குறிக்கும், நம் வழக்கில் சீமாட்டி. அந்தப் பிரபுப் பட்டத்தின் வேரைத் தோண்டினால் எல்லைப்புற நிலம் வருகிறது. எல்லையை ஆண்டவனுக்குக் கொடுத்த பட்டம் அது.

ஆங்கிலேயர் காதில் கடைசி 'ஸ்' பன்மை விகுதியாக விழுந்திருக்கிறது. ஒரு கூடாரத்துக்கு எதற்கு ஸ் என்று வெட்டிவிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் மார்க்கீ. சிரிக்க வேண்டாம், நாமும் இதே வேலையைச் செய்தவர்கள்தான். பேண்ட்ஸ் என்று கப்பலேறி வந்ததன் வாலை நறுக்கி, 'ஒரு பேண்ட், ரெண்டு பேண்ட்' என்று தையல்காரரிடம் எண்ணிக் கொடுக்கிறோம்.

அமெரிக்காவுக்குப் போனதும் சொல் கூடாரத்தை விட்டு வாசலுக்கு வந்தது. ஓட்டல், நாடகக் கொட்டகை வாசலுக்கு மேலே தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கூரையை மார்க்கீ என்றார்கள். சினிமா வந்ததும் அந்தக் கூரையின் விளிம்பில் படத்தின் பெயரைக் கழற்றி மாட்டும் எழுத்துகளில் வைத்து, சுற்றிலும் பல்பு கட்டினார்கள். கூரையின் பெயர் பலகைக்கு ஒட்டிக்கொண்டது. 1970களில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டிகள் வந்தபோது, பெட்டி உச்சியில் பெயர் எழுதி உள்ளிருந்து விளக்கு எரியவிட்ட பகுதிக்கும் அதே பெயர். அப்புறம் இணையப் பக்கத்தில் எழுத்தை வலமிருந்து இடமாக ஓடவிடும் குறிச்சொல்லுக்கும் மார்க்கீ என்றே வைத்தார்கள். அதை நம் ஊர்க் கடைகளில் 'ஓடுற எழுத்து' என்று சொல்லி முடித்துவிட்டார்கள், அங்கே எனக்கு வேலை இல்லை.

துணி, கூரை, பலகை என்று இத்தனை மாறியும் அந்தச் சொல் எப்போதும் வாசலின் மேலே, முன்பக்கம் இருப்பதையே சுட்டியிருக்கிறது. விளக்கு நடுவில் வந்து சேர்ந்தது. தமிழ்ச் சொல் தேடும்போது இது முக்கியம் என்று எனக்குப் பட்டது.

ஆர்கேட் என்பதையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம். லத்தீனில் ஆர்குஸ் என்றால் வில். வில்போல வளைத்துக் கட்டியது ஆர்ச், அந்த வளைவுகள் வரிசையாக நின்றால் ஆர்கேட். வளைவுகளுக்கு அடியில் கடைகள் வந்தன, கடைகளில் காசு போட்டு ஆடும் பொறிகள் வந்தன, கடைசியில் பொறிகளே ஆர்கேட் ஆகிவிட்டன. சேலத்துக்காரருக்கு ஆர்ச்சை விளக்க வேண்டியதில்லை. ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நிற்கிறது. 1930களில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ இப்போது இல்லை, பெயரைத் தலையில் தாங்கிய வளைவு மட்டும் இருக்கிறது. ஒருவகையில் அதுவும் மார்க்கீதான், விளக்கு இல்லாத மார்க்கீ.

ஆனால் சின்ன வயதில் நாங்கள் யாரும் ஆர்கேட் என்று சொன்னதில்லை. 'வீடியோ கேம் கடை'தான். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சந்தில், ஒரு ரூபாய்க்கு ஒரு டோக்கன், இருட்டு அறை, வியர்வை வாடை. அங்கே இருந்த பெட்டிகள் உள்ளூரில் அடித்தவை. உச்சியில் பெயர் இருக்காது. இருந்தாலும் வேறு ஏதோ ஆட்டத்தின் ஸ்டிக்கராக இருக்கும். அதனால் நடந்த வேடிக்கையை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டைனோசர்களும் பெரிய கார்களும் வரும் ஓர் ஆட்டம், 1993இல் கேப்காம் என்ற கேம் நிறுவனம் வெளியிட்டது. அதன் அசல் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். எங்களுக்கு அது 'முஸ்தபா'. நான்கு வீரர்களில் மஞ்சள் தொப்பிக்காரன் பெயர் முஸ்தபா கெய்ரோ, ஓடிப்போய் உதைப்பான், எல்லாரும் அவனைத்தான் எடுப்போம். பெட்டிக்குத் தலையில் பெயர் இல்லாததால் ஆடுகிறவனின் பெயரே ஆட்டத்துக்கு ஆகிவிட்டது. இந்தியாவில் பல ஊர்களில் இதே கதை.

அசல் பெட்டிகளில் அந்தப் பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பாக்மேன் என்ற ஆட்டம் 1980இல் ஜப்பானில் வந்தபோது அதன் பெயர் பக்மேன். அமெரிக்காவுக்கு அனுப்பும்போது பெயரை மாற்றினார்கள். ஆங்கிலத்தில் முதல் எழுத்தான P-யின் ஓரத்தை விஷமிகள் கொஞ்சம் சுரண்டினால் அது F ஆகி, பெட்டி நெற்றியில் கெட்ட வார்த்தை எரியுமே என்ற பயம்தான் காரணம்.

அடுத்தது நியான். 'கேம் ரூமுக்கு நியான் போர்டு' என்று கேட்டால் இன்று எந்தக் கடையிலும் சிலிக்கான் குழாய்க்குள் எல்இடி நாடா செருகியதைத்தான் காட்டுவார்கள். அதில் மருந்துக்குக்கூட நியான் கிடையாது. நியான் ஒரு வாயு. 1898இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் கண்டுபிடித்தார்கள். கிரேக்கத்தில் 'புதியது' என்று பொருள். 'புதுசுன்னு வெச்சிடலாமே' என்று யோசனை சொன்னது ராம்சேயின் சின்ன மகன் என்பார்கள். அவன் லத்தீனில் சொன்னதை அப்பா கிரேக்கமாக்கினாராம். 1910இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜார்ஜ் கிளாட் என்பவர் நீளக் கண்ணாடிக் குழாயில் அதை எரிய வைத்துக் காட்டினார். சுத்த நியான் செம்மஞ்சளாக மட்டுமே எரியும். நீலம் வேண்டுமென்றால் ஆர்கானும் சொட்டுப் பாதரசமும். மற்ற நிறங்களுக்குக் குழாயின் உட்பூச்சு, அல்லது கண்ணாடியின் சொந்த நிறம். எரிய வைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். எல்இடி நாடாவுக்கு 12 வோல்ட் போதும்.

தனிமத்தின் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, நியான் நியானாகவே இருக்கட்டும். ஆனால் வாயு இல்லாத அந்த வளையும் சரக்கை 'ஒளிக்கயிறு' என்று சொல்லலாம். பார்க்கவும் கயிறுதான், சுருளாக வருகிறது, மீட்டர் கணக்கில் விற்கிறது. 'குழல்விளக்கு' ஏற்கெனவே டியூப்லைட்டுக்குப் போய்விட்டது.

கடைக்காரர்களின் பொதுச்சொல் 'குளோ சைன் போர்டு'. தகரப்பெட்டி, முன்னால் வெள்ளை ஆக்ரிலிக், உள்ளே விளக்கு. இதற்குச் சிலர் 'ஒளிப்பலகை' என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஒளி என்றால் மறை என்றும் பொருள், ஒளித்து வைக்கும் பலகையோ என்று தோன்றும். போனில் சொன்னால் பாதிப் பேருக்கு 'ஒலிப்பலகை' என்று கேட்கும், ஸ்பீக்கரா என்பார்கள். 'ஒளிர்பலகை' நல்ல சொல். ஒளிர்ந்த, ஒளிர்கின்ற, ஒளிரும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, அதனால் நடுவில் 'ப்' போட்டு 'ஒளிர்ப்பலகை' என்று எழுதக் கூடாது. எழுதுகிறார்கள். பெரிய எழுத்தில், விளக்குப் போட்டு எழுதுகிறார்கள்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஊரெங்கும் கட்டும் 'சீரியல் செட்'டும் இதற்கு ஒருவகையில் உறவு. சவுக்குக் கம்புச் சட்டத்தில் ஆயிரக்கணக்கில் குட்டி பல்புகள், அம்மன் உருவம், பாயும் சிங்கம். பழைய காலத்தில் மோட்டாரில் சுழலும் ஓர் உருளை, அதில் வெட்டி ஒட்டிய செப்புத் தகடு, அது தொடத்தொட விளக்கு ஓடும். அமெரிக்கக் கொட்டகை வாசலில் ஓடிய பல்புகளும் அதே வித்தைதான். பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் கட்டுவதால் சீரியல். இதற்குச் 'சரவிளக்கு' என்று போட்டுவிடலாம்தான், ஆனால் கோயிலில் சங்கிலியில் தொங்கும் விளக்குக்கு அந்தப் பெயர் உண்டு.

சரி, மார்க்கீ. ஒளிர்பலகை என்று சொன்னால் எல்லாக் கடை போர்டும் அதற்குள் வந்துவிடும், கேம் பெட்டியின் உச்சியில் இருப்பது என்ற பொருள் வராது. 'முகப்புப் பலகை' என்று யோசித்தேன். முகப்பு என்றால் முன்பக்கம் முழுவதும். 'தலைப்பலகை' என்றேன். கட்டில் தலைமாட்டுப் பலகை மாதிரி இருக்கிறது என்று பையன் தள்ளிவிட்டான். காபி கொண்டுவந்த அக்கா கேட்டாள், "அது எங்கடா வரும்?" பையன் பெட்டியின் மேல்பக்கத்தைத் தொட்டுக் காட்டினான்.

"நெத்தியில வைக்கிறதா? நெத்திப்பலகைன்னு சொல்லேன், இதுக்குப் போய் ரெண்டு பேரும் காலையிலிருந்து..."

நெற்றிப்பலகை. யானைக்கு நெற்றிப்பட்டம், பெண்ணுக்கு நெற்றிச்சுட்டி. லாரிக்காரர் கண்ணாடிக்கு மேலே குலதெய்வத்தின் பெயர் எழுதுகிறாரே, அந்த இடமும் நெற்றிதான். மேலே, முன்னால், அடையாளம் என்று மார்க்கீ கூடாரத்திலிருந்து சுமந்து வந்த மூன்றும் இதில் இருக்கின்றன. விளக்கு உண்டு என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'ஒளிர் நெற்றிப்பலகை'. அமெரிக்கக் கொட்டகை வாசலைப் பற்றி எழுதும்போதும் இது பொருந்தும். கல்யாணக் கூடாரத்தைச் சொல்லும்போது மட்டும் பந்தல் என்றோ ஷாமியானா என்றோ போட்டுக்கொள்ளுங்கள்.

சொல் கிடைத்தது, பொருள் செய்ய வேண்டுமே. அசல் பெட்டிகளில் பலகையின் பின்புறம் இடவலம் மாற்றி அச்சிட்டு, பின்னால் 18 அங்குலம், 15 வாட் டியூப் ஒன்றை வைப்பது வழக்கம். அந்த அளவு டியூப் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் இல்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், மூடிப்போன ஏதோ ஜவுளிக் கடையின் குளோ சைன் பெட்டி எடைக்குக் கிடைத்தது. பிரித்தால் செத்த டியூப் இரண்டு, கருகிய சோக், காய்ந்த பல்லி ஒன்று, அதன் முட்டை ஓடுகள். தகரத்தை வெட்டிச் சின்னதாக்கி, 3 மில்லிமீட்டர் பால்வெள்ளை ஆக்ரிலிக் போட்டோம். எல்இடியை ஆக்ரிலிக்கை ஒட்டி வைத்தால் புள்ளிபுள்ளியாகத் தெரியும். நாலு விரற்கடை பின்னால் தள்ளி, பெட்டியின் உட்புறம் வெள்ளையடித்ததும் ஒளி சீராகப் பரவியது.

என்ன பெயர் எழுதுவது என்பதில் சண்டை வரவில்லை. 'முஸ்தபா', தமிழில். முதலில் ஒளிக்கயிற்றிலேயே எழுத ஆசைப்பட்டான். மு வந்தது, ஸ் வரவில்லை. அவ்வளவு சின்ன மடிப்புக்குக் கயிறு வளையாது. வெட்டினாலும் நினைத்த இடத்தில் வெட்ட முடியாது, மூன்று எல்இடிக்கு ஒருமுறை குறி இருக்கும், அங்கேதான் கத்தரி வைக்க வேண்டும். ஸ் மேலே உள்ள புள்ளி அந்தத் துண்டைவிடச் சிறியது. இணையத்தில் ஆர்டர் கொடுத்து ஒன்று வரவழைத்தான். அவர்கள் புள்ளியை விட்டுவிட்டு 'முஸதபா' என்று அனுப்பினார்கள். கண்ணாடி நியான் காலத்துக் கைவினைஞர்களுக்கு இந்தத் தொல்லை வேறுவிதம். குழாய் ஒரே தொடர்ச்சி என்பதால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் போகும் பகுதியைக் கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைப்பார்கள்.

கடைசியில் அச்சிட்ட எழுத்துக்கே வந்தோம். அங்கேயும் புள்ளிதான் வம்பு செய்தது. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, விளக்குப் போட்டதும் எழுத்து கொஞ்சம் உப்பிவிடும். ஸ் சுழிகளின் உள்வெளி அடைத்துக்கொண்டது, புள்ளி கீழே உள்ள கோட்டோடு ஒட்டி ஒரு கொப்புளம் ஆனது. கோட்டை மெலிதாக்கி, சுழியைத் திறந்து, புள்ளியை ஒரு நூல் மேலே தூக்கி, மூன்றாவது பிரிண்டில்தான் படிக்கும்படி வந்தது. தமிழ் போர்டு எழுதுகிறவர்கள் விளக்கை அணைத்துவிட்டு எழுத்தைச் சரிபார்ப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எரியவிட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் பத்தடி தள்ளி நின்று.

போன சனிக்கிழமை ராத்திரி பையனின் கூட்டாளிகள் நாலு பேர் மாடியில். பதினொரு மணிக்கு அக்கா படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தாள்.

"டேய், அந்த நெத்தி லைட்ட அணைச்சுட்டு எறங்குங்கடா!"