கியர் பாக்ஸில் சத்தம் வந்தால் கிரீஸைத் திணிக்காதீர்கள்

போன வாரம் பழுதுபார்க்க இன்னொன்று வந்தது. பழைய கார்டன் டிராக்டர், தோட்ட வேலைக்கான சின்ன டிராக்டர். இன்ஜின் அருமையாக ஓடுகிறது, கியர் பாக்ஸைத் திறந்தால் உள்ளே ஆயிலுக்குப் பதில் கட்டி கட்டியாகக் கிரீஸ். சத்தம் வந்தால் ஆயிலை வடித்துவிட்டு கிரீஸ் போடு, அடங்கிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடங்கியும் இருக்கிறது, இரண்டு மாதம். அப்புறம் ஒரு சரிவில் இறங்கும்போது உள்ளே பற்கள் உதிர்ந்து, பிரேக்கை மிதித்தும் நிற்காமல், வண்டி உருண்டுபோய்ப் புதரில் முட்டி நின்றிருக்கிறது. ஓட்டியவருக்கு அடி இல்லை. இந்த ஆண்டில் இப்படிக் கிரீஸோடு வந்த மூன்றாவது வண்டி இது.

பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இருக்காது, கியர் பாக்ஸிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்டில் இருக்கும். அதற்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது கியர்கள்தான். அங்கே பல் போனால் பிரேக்கும் போயிற்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகாவது சத்தத்தைக் காதுக்கு மட்டும் தொல்லை என்று நினைக்காதீர்கள்.

சரி, அந்தக் கிரீஸ் விஷயம். சத்தம் குறைந்தால் தேய்மானம் குறைந்துவிட்டது என்று பலரும் நம்புகிறார்கள். இல்லை. ஆயில் போட்டு ஓடும் பெட்டியில் கீழே இருக்கும் கியர் ஆயிலில் முங்கி, சுழன்று, மேலே இருக்கும் பேரிங், புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் உலோக வளையம்) வரைக்கும் வாரி இறைக்கிறது. கிரீஸ் அப்படிப் போகாது. கியர் சுற்றும் இடத்தில் பள்ளம் பறித்துக்கொள்ளும், ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பாது. மேல் ஷாஃப்ட் பேரிங் காய்ந்தே ஓடும். பற்களுக்கு நடுவில் ஒட்டியிருப்பது மெத்தை போல இருந்து சத்தத்தை மட்டும் விழுங்கும். தேய்ந்து விழும் இரும்புத்தூளும் அடியில் தங்காமல் கிரீஸில் கலந்து பற்களுக்கே திரும்ப வரும். கெட்டியான ஆயில் ஊற்றுவதும், மரத்தூள் போடுவதும் இதே வேலைதான். கம்பெனியே கிரீஸ் போட்டு வடிவமைத்த பெட்டிகள் உண்டு, பீர்லெஸ் கம்பெனியின் 700, 900 வரிசை அப்படி. அவற்றுக்கு பென்டோனைட் கிரீஸ், களிமண் கலந்து கெட்டியாக்கியது. உங்களுடையது எது என்று புத்தகத்தைப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள்.

பெட்டியைப் பிரிக்கும் முன் வெளியே பாருங்கள். பெல்ட் புல்லியின் பேரிங், லூஸான மவுண்டிங் போல்ட், சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டும் சாவிக்கட்டை தேய்ந்திருப்பது, இவை எல்லாமே கியர் பாக்ஸ் சத்தம் போலவே கேட்கும். அதையெல்லாம் தாண்டியும் இருந்தால் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். நியூட்ரலிலேயே உறுமினால் இன்ஜின் விசை உள்ளே வரும் இன்புட் ஷாஃப்டின் பேரிங்கைச் சந்தேகப்படலாம். ஒரு கியரில் மட்டும் என்றால் அந்த ஜோடி. வளையும்போது மட்டும் என்றால் டிஃபரன்ஷியல், திரும்பும்போது இரண்டு பின் சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பகுதி. சீராக டக், டக் என்று வந்தால் உடைந்த பல்லாக இருக்கலாம், உடனே ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

ஆயிலை வடித்ததும் கொட்டிவிடாதீர்கள், எனக்குப் பாதி பதில் அதில்தான் கிடைக்கும். மெல்லிய வெள்ளி மினுமினுப்பு பழைய பெட்டியில் சகஜம். காந்தத்தில் ஒட்டும் துண்டு கியர் அல்லது பேரிங்கினுடையது, ஒட்டாத பொன்னிறச் செதில் வெண்கல புஷ். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

பிரிக்கும்போது டிராக்டரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. ஸ்டாண்ட் வையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பெட்ரோலில் கழுவாதீர்கள், மண்ணெண்ணெய் போதும். காற்றடித்துப் பேரிங்கைச் சுழல விடுவது விளையாட்டு அல்ல, குண்டு தெறித்தால் கண் போய்விடும். கியர் மாற்றும் ஷிஃப்ட் ஷாஃப்டை உருவும் முன் மேலே துணி போடுங்கள், உள்ளே ஸ்ப்ரிங் தள்ளிக்கொண்டிருக்கும் சின்ன இரும்புக் குண்டு இருக்கிறது, தெறிக்கும். ஷிம், அதாவது இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய தகடு, எந்தப் பக்கம் எத்தனை இருந்தது என்று எழுதி வையுங்கள், நினைவில் நிற்கும் என்று நம்பாதீர்கள்.

பல் போன கியரை மட்டும் மாற்றிவிட்டு அதோடு சேர்ந்து ஓடிய பழையதை விட்டால் புதியதும் ஊளையிடும், ஜோடியாக மாற்றுங்கள். பேரிங்குக்கு டிராக்டர் பெயர் சொல்லித் தேட வேண்டியதில்லை, பெரும்பாலும் அதன் மேலேயே எண் இருக்கும். 6204 என்றால் உள் விட்டம் 20 மில்லிமீட்டர், 6205 என்றால் 25. ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் அழுத்துங்கள், வெளி வளையத்தில் சுத்தியல் அடித்தால் புதுப் பேரிங் மாட்டும் முன்பே கெட்டது. வெண்கல புஷ் உள்ள பெட்டியில் ஜிஎல்-5 என்ற வகை கியர் ஆயிலைக் கேட்காமல் ஊற்றாதீர்கள், அதில் சேர்க்கும் கந்தக ரசாயனம் சிலவற்றில் வெண்கலத்தை அரிக்கும். பெட்டிக்குள் சேரும் காற்றழுத்தம் வெளியேறும் மூச்சுத்துளையைச் சுத்தம் செய்ய மறக்காதீர்கள், அது அடைத்தால் புது ஆயில் சீலும் கசியும்.

மூடிய பிறகு இன்ஜினைப் போடும் முன் ஒவ்வொரு கியரிலும் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகினால் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான், அலுத்துக்கொள்ளாதீர்கள். முதல் சில மணி நேரம் சமதரையில், பாரம் இல்லாமல் ஓட்டி, அந்த ஆயிலையும் வடித்துக் காந்தத்தைப் போட்டுப் பாருங்கள். அதில் துண்டு எதுவும் இல்லை என்றால் அப்புறம் சரிவுக்குக் கொண்டுபோகலாம்.