எதிரி (நீதிமன்றச் சொல்)

எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ உள்ள குற்றவியல் நடுவர் நீதிமன்றத் தீர்ப்பைத் தமிழில் படித்தால் '1ம் எதிரி', '2ம் எதிரி' என்று வரும். யாருக்கு எதிரி? யாருக்கும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதிமன்றத் தமிழ் வைத்த பெயர் அது. வக்கீல்கள் பேச்சில் ஏ1, ஏ2 ('accused' என்பதன் முதலெழுத்து).

'எதிர்' என்பதில் பகை கிடையாது. எதிர்வீட்டுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைப்பதையும். வழக்கில் மறுபக்கம் நிற்பவர் எதிரி, அவ்வளவுதான். ஆனால் இன்றைய காதுக்குப் பகைவன் என்றே கேட்கிறது. தீர்ப்பு வரும்வரை குற்றமற்றவராகக் கொள்ளவேண்டிய ஒருவருக்கு இது பொருந்தாத பெயர்.

அதைவிடக் கேடு, கைதான அன்றே செய்தியில் வரும் 'குற்றவாளி'. முதல் தகவல் அறிக்கையில் இருப்பது புகார். குற்றப்பத்திரிகை போலீசின் முடிவு. நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்த (எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று முறையாக எழுதிய) பிறகும் அவர் எதிரிதான். சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும்போதுதான் 'குற்றவாளி' பிறக்கிறது. 'எதிரி குற்றவாளி அல்ல' என்று தீர்ப்பில் எழுத முடிவதே இரண்டும் வேறு என்பதால்தான். விசாரணை முடிந்து குற்றவாளி அல்ல என்று வெளிவருவது விடுதலை. குற்றச்சாட்டு வனையும் முன்பே வழக்கிலிருந்து நீக்கப்படுவது விடுவிப்பு. இதையும் பலர் குழப்புகிறார்கள்.

மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்புக்கு (இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 104, பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் 101). எதிரி ஒரு சாட்சியைக்கூட நிறுத்தாமல், குறுக்கு விசாரணையில் நியாயமான ஐயத்தைக் கிளப்பினாலே போதும். போலீசிடம் கொடுத்த ஒப்புதலைப் பொதுவாக அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது (அதே அதினியம், பிரிவு 23).

விதிவிலக்குகள் உண்டு. பணமில்லாமல் திரும்பிய காசோலை வழக்கில் கையெழுத்தை ஒப்புக்கொண்டால், கடனுக்காகவே கொடுத்ததாக நீதிமன்றம் கொள்ளும் (மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 139). அதை உடைக்கும் வேலை எதிரியுடையது. ஆனால் ஐயமறக் காட்ட வேண்டியதில்லை, நடந்திருக்கக்கூடியது என்று காட்டினால் போதும். வழக்குக்கு முன் பணம் கேட்டு வந்த நோட்டீசுக்குப் பதிலே போடாமல் இருந்துவிட்டு, கூண்டில் ஏறி முதன்முறையாகக் கதை சொல்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

தமிழில் எப்படிச் சொல்வது? ஆளுக்கு 'குற்றஞ்சாட்டப்பட்டவர்', நீளம்தான், ஆனால் பழி சுமத்தாதது. மெய்ப்பிக்கும்வரை குற்றமற்றவர் என்ற கோட்பாட்டுக்கு 'குற்றமின்மை அனுமானம்' என்கிறார்கள். அனுமானம் என்றால் சான்றிலிருந்து ஊகிப்பது. இங்கோ சான்று வரும் முன்பே நீதிமன்றம் எடுக்கவேண்டிய நிலை. 'குற்றமற்றவராகக் கொள்ளல்' சரியாக இருக்கும்.