பிரெஞ்சு வினைச்சொல்லை எழுத்துக் கூட்டிப் படிக்காதீர்கள்

பிரெஞ்சு கற்க வருபவர்களிடம் நான் முதலில் திருத்துவது ஒன்றைத்தான்: பன்மை வினையின் கடைசியில் வரும் ஈ, என், டி (ent) என்ற மூன்று எழுத்துகள். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதை 'இல் பார்லாந்த்' என்று படித்துவிடுவார்கள். எழுதியிருப்பதையெல்லாம் ஒலித்தே பழகிய நமக்கு அப்படித்தான் வரும். ஆனால் அந்த மூன்றும் ஊமை. 'இல் பார்ல்' என்றால் போதும். நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் இதே 'பார்ல்', ஒரே அசை. 'நாம்' வந்தால் மூக்கொலியோடு 'பார்-லோன்', 'நீங்கள்' வந்தால் 'பார்-லே'. அங்கேதான் இரண்டாவது அசை பிறக்கிறது.

அச்சில் வரி முடிவில் 'பார்லாந்த்' என்று தவறாகப் படிக்கப்படும் அந்தச் சொல்லை இடைக்கோடு போட்டு இரண்டாக உடைக்கலாம். மரபுக் கவிதையில் அடியின் நடுவே வந்தால் அந்த ஊமை ஈற்றை ஓர் அசையாகவே எண்ணுவார்கள். அதைப் பார்த்துப் பேச்சிலும் இரண்டாகப் பிரிக்க வேண்டாம்.

சரி, ஒருமையா பன்மையா என்று காது எப்படிக் கண்டுபிடிக்கும்? 'பார்ல்' போன்றவற்றில் சூழல்தான் சொல்லும். வினை உயிரில் தொடங்கினால் வழி உண்டு. 'அவன் விரும்புகிறான்' என்பதில் 'இல்' (அவன்), 'எம்' (விரும்புகிறான்) இரண்டும் சேர்ந்து 'இ-லெம்' ஆகும். நாம் ஊர், இல்லை இரண்டையும் 'ஊரில்லை' என்று சேர்ப்பதுபோல லகரம் அடுத்த உயிரில் ஏறிவிடும். 'அவர்கள்' என்றால், அந்தச் சொல்லின் கடைசியில் வழக்கமாக ஊமையாக இருக்கும் ஸகரம் ஒலித்து 'இல்-ஸெம்' ஆகும். அந்த ஸகரத்தை இஸட் ஒலியாகச் சொல்லுங்கள். வேறு சில வினைகளில் பன்மைக்கு மட்டும் ஒரு மெய் கேட்கும்: 'முடிக்கிறான்' என்றால் 'ஃபினி', 'முடிக்கிறார்கள்' என்றால் 'ஃபினிஸ்'. கேட்டல் தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த ஒற்றை மெய்யைத் தவறவிடுவதால்தான்.

எழுத்தின் தலையில் வரும் உச்சரிப்புக் குறிகளும் பல இடங்களில் அசையைச் சார்ந்தவையே. 'வாங்குதல்' என்பது பேச்சில் 'ஆஷ்-தே'. முதல் ஈ விழுந்துவிடுகிறது. 'வாங்குகிறான்' என்னும்போது கடைசி ஈ ஊமையாகி, அசை மெய்யில் முடிந்து 'ஆ-ஷெத்' ஆகிறது. உள்ளே இருக்கும் ஈ இப்போது விரிந்த எகரமாக ஒலிப்பதால் அதன் தலையில் இடப்பக்கம் சாய்ந்த கோடு ஏறுகிறது. 1990 எழுத்துச் சீர்திருத்தம் 'விட்டுக்கொடுப்பேன்' போன்ற எதிர்கால வடிவங்களிலும் இதே கோட்டைப் பரிந்துரைத்தது. வாய் ஏற்கெனவே எகரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்புறம் இன்னொரு எச்சரிக்கை. ஈ, என், டி எங்கே வந்தாலும் விழுங்கிவிடக் கூடாது. 'மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன' என்ற பழைய பயிற்சி வாக்கியத்தில் மடம் என்ற பெயரும் அடைகாக்கின்றன என்ற வினையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பெயர் 'கூ-வான்', வினை 'கூவ்'. அதேபோல் 'அவன் வருகிறான்' என்பதிலும் அந்த மூன்று எழுத்து உண்டு. ஆனால் அது பன்மை விகுதி அல்ல. ஈ, என் இரண்டும் வினைப்பகுதியின் துண்டு, டி ஒருமை விகுதி. மூக்கொலியோடு 'வியேன்' என்றே வரும். 'வருகிறார்கள்' என்பதுதான் 'வியென்', அங்கே னகரம் தெளிவாகக் கேட்க வேண்டும்.