வாட்டர்ஷெட்: நீர்வடிப்பகுதியா, நீர்ப்பிடிப்புப் பகுதியா?

‘பல்லுயிர் முக்கியத்துவத்தின்படி வாட்டர்ஷெட்களைத் தரவரிசைப்படுத்துதல்.’ சூழலியல் அறிக்கைகளில் அடிக்கடி தட்டுப்படும் தொடர் இது. ஓர் ஆற்றுக்கோ ஓடைக்கோ மழைநீர் வடிந்து சேரும் நிலத்தை அங்கே வாட்டர்ஷெட் என்கிறார்கள். பல்லுயிருக்கும் தரவரிசைக்கும் தமிழ் கிடைத்துவிட்டது. வாட்டர்ஷெட்டில்தான் ஆளுக்கொரு பக்கம் போகிறோம். நாளிதழில் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறார்கள், அரசு அலுவலகத்தில் நீர்வடிப்பகுதி, இன்னோர் இடத்தில் ஆற்றுப்படுகை, இலங்கையில் நீரேந்து பிரதேசம். நான்கும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு படித்தால் அறிக்கையில் பாதி விளங்காது.

குழப்பம் ஆங்கிலத்திலேயே தொடங்குகிறது. ‘ஷெட்’ என்றதும் நமக்குக் கொட்டகை நினைவுக்கு வரும். அது வேறு ஷெட். இந்த ஷெட்டுக்குப் பிரித்தல் என்று பொருள். ஜெர்மன் மொழியில் ‘வாஸர்ஷைட’ என்று ஒரு சொல் உண்டு: வாஸர் என்றால் நீர், ஷைட என்றால் பிரிப்பு. அந்தச் சாயலில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்ததுதான் வாட்டர்ஷெட். ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்துப் பேச்சில் தலையில் எடுக்கும் வகிட்டுக்கும் ‘ஷெட்’ என்றே பெயர். அப்படிப் பார்த்தால் சொல்லுக்குச் சொல் ‘நீர்வகிடு’. வகுத்தல், வகிர்தல் எல்லாம் நம்மிடம் இருக்கும் சொற்கள்தாம், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் இனிமேல் அதைப் புழக்கத்தில் விட்டு, ஐந்தாவதாக ஒரு சொல்லைச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

ஆக, மூலப் பொருள் ஒரு கோடு. பெய்த மழை இந்தப் பக்கம் ஓடுமா, அந்தப் பக்கம் ஓடுமா என்று பிரிக்கிற கோடு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இன்றும் முதன்மைப் பொருள் அதுவே. நாம் திருப்புமுனை என்பதை அவர்கள் ‘வாட்டர்ஷெட் மொமென்ட்’ என்று சொல்வது இந்தக் கோட்டிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவுக்குப் போனதும் சொல் இடம் மாறியது. கோட்டை விட்டுவிட்டு, கோட்டுக்குள் அடங்கிய நிலம் முழுவதையும் வாட்டர்ஷெட் என்றார்கள். பிரிட்டிஷார் அந்த நிலத்தைக் ‘கேச்மென்ட்’ என்பார்கள். இந்திய அலுவலகங்கள் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டன.

கோட்டுக்குத் தமிழில் ‘நீர்பிரி முகடு’ என்று எழுதுகிறார்கள். பெரும்பாலும் பொருந்தும். பெரியாறு மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற ஆறு, வைகை கிழக்கே வருகிற ஆறு, நடுவில் நிற்பது முகடு. 1895இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் தேனிப் பக்கம் திரும்பியது, அந்த முகட்டைக் குடைந்து சுரங்கம் போட்டதால்தான். ஆனால் பொள்ளாச்சிக்குப் போனால் ‘முகடு’ உதைக்கிறது. ஆழியாறு பாரதப்புழையில் சேர்ந்து மேற்கே ஓடுகிறது. தமிழ்நாட்டின் சமவெளியாக நாம் பார்க்கும் அந்த நிலத்தில் பெய்யும் மழை அரபிக்கடலுக்கே போகிறது. தண்ணீர் பிரியும் இடம் ஊருக்குக் கிழக்கே, மலையே இல்லாத தரையில் இருக்கிறது. அதனால் ‘நீர்பிரி கோடு’ என்பதே பாதுகாப்பான சொல்.

இனி நிலத்துக்கு. நீர்ப்பிடிப்புப் பகுதி என்ற சொல்லை நாளிதழ் வாசகர் எப்போது பார்க்கிறார்? ‘அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் கனமழை, வரத்து அதிகரிப்பு.’ அதாவது ஒரு அணைக்கு மேலே இருக்கும் நிலம். அணைக்குக் கீழே உள்ளதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, ஏரி ஆக்கிரமிப்புச் செய்திகளில் இதே சொல் தண்ணீர் தேங்கும் பரப்பைக் குறிக்கிறது. வருவாய்த் துறையில் உள்வாய் என்கிறார்களே, அந்த இடம். ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. மூன்றாவதையும் ஏற்ற வேண்டாம்.

ஆற்றுப்படுகை இன்னும் மோசம். தஞ்சைப் பக்கம் படுகை என்றால் ஆற்றுக் கரைக்கு உள்ளே, வண்டல் படிந்து, வாழை போட்டிருக்கும் துண்டு நிலம். அங்கே போய்ப் ‘படுகையைக் காப்போம்’ என்றால் கேட்பவர் மனதில் வருவது அந்த வாழைத் தோட்டம்தான், குடகு மலை வராது.

வடிநிலம் நல்ல சொல். பொதுப்பணித் துறைப் பலகைகளில் ‘காவிரி வடிநிலக் கோட்டம்’ என்று பலரும் பார்த்திருப்பார்கள், இலங்கைப் பாடநூல்களிலும் உண்டு. ஆனால் அது ஒரு பேராறு முழுவதற்கும் பொருந்துகிற அளவு. அதற்குள் இருக்கும் சிறு அலகுக்குத் தமிழ்நாடு அரசே வைத்திருக்கும் சொல் நீர்வடிப்பகுதி. நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை என்று ஒரு அமைப்பே இயங்குகிறது. சோறு வடிப்பது, வெள்ளம் வடிவது, வடிகால் என்று ‘வடி’ தினமும் வாயில் வரும் வேர். தண்ணீர் எங்கிருந்து வடிகிறதோ அந்த நிலம் முழுவதும் என்ற பொருளும் தன்னால் கிடைத்துவிடுகிறது. என் வாக்கு இதற்கே.

சரி, உயிரினங்களைக் காக்க மாவட்டம், வட்டம் என்று பிரிக்காமல் ஏன் நீர்வடிப்பகுதியாகப் பிரிக்கிறார்கள்? இதற்கு அமெரிக்காவின் கிளிஞ்ச் ஆற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வர்ஜீனியா மாநிலத்து அப்பலாச்சிய மலைகளில் பிறந்து டென்னசி மாநிலத்துக்குள் இறங்கும் ஆறு அது. பனியுகத்தில் பனிப்பாளம் அந்த இடம்வரை வரவில்லை. அதனால் மீன்களும் மட்டிகளும் நெடுங்காலம் தொந்தரவில்லாமல் கிளைத்துப் பெருகின. நன்னீர் மட்டிகளில் மட்டும் 40க்கு மேற்பட்ட இனங்கள் அங்கே வாழ்கின்றன. இந்த மட்டிகளின் பிறப்பே விசித்திரம். குஞ்சுகள் பிறந்ததும் ஏதாவது ஒரு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில வாரம் வளர வேண்டும், அப்புறம்தான் உதிர்ந்து ஆற்றின் அடியில் குடியேறும். எல்லா மீனும் சரிப்படாது. ஒவ்வொரு மட்டிக்கும் அதற்கென்று சில மீன்கள் உண்டு. லாம்ப்சிலிஸ் என்ற பேரினத்துப் பெண் மட்டி தன் உடல் மடிப்பின் ஓரத்தையே குட்டி மீன் போல, கண் மாதிரி புள்ளியும் வாலும் வைத்து, தண்ணீரில் ஆட்டிக் காட்டும். இரை என்று நினைத்துப் பெரிய மீன் வந்து கவ்வும். அந்த நொடியில் குஞ்சுகளை அதன் வாய்க்குள் பீய்ச்சிவிடும்.

இப்படிப்பட்ட உயிரை ஒரு வளைவில் மட்டும் வேலி போட்டுக் காப்பாற்ற முடியாது. மீன் மேலும் கீழும் போய்வர வேண்டும். மேலே நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வரும் சேறு கீழே மட்டியின் மேல் படியக் கூடாது. 1967இல் வர்ஜீனியாவில் ஒரு மின்நிலையத்தின் சாம்பல் குளம் உடைந்து, அந்தக் காரத் தண்ணீர் மாநில எல்லையைத் தாண்டிப் போய் டென்னசியிலும் மீன்களைக் கொன்றது. எல்லைப் பலகையைத் தண்ணீர் படிப்பதில்லையே. 1998 ஆகஸ்டில் சாலையில் ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்து, ரப்பர் தொழிலில் பயன்படும் ரசாயனம் ஆற்றில் கலந்தபோது 7,000க்கும் மேற்பட்ட மட்டிகள் செத்தன. சாலை ஆற்றில் இல்லை. நீர்வடிப்பகுதிக்குள் இருந்தது.

அதே 1998இல்தான் நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பும் அதன் கூட்டாளிகளும் அமெரிக்க நீர்வடிப்பகுதிகளை வரிசைப்படுத்திய அறிக்கை வெளிவந்தது. அந்நாட்டு நிலவியல் ஆய்வகம் நாடு முழுவதையும் நீர் வடியும் விதத்தில் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எட்டு இலக்க எண் கொடுத்திருக்கிறது. நம் அஞ்சல் குறியீடு மாதிரி, இடமிருந்து வலமாகப் போகப்போக இடம் சுருங்கும். மேல் கிளிஞ்சின் எண் 06010205. முதல் இரண்டு இலக்கம் டென்னசி ஆற்று வட்டாரம், 0601 என்றால் அதன் மேல்பகுதி, கடைசியில் வந்து நிற்பது கிளிஞ்ச். இப்படி 2,100க்கு மேற்பட்ட துண்டுகளில் அருகிவரும் மீன்களும் மட்டிகளும் எங்கே எத்தனை என்று எண்ணினார்கள். மேல் கிளிஞ்சில் 48 இனங்கள், முதலிடம். பத்து அல்லது அதற்கு மேல் உள்ளவை 87.

எண்ணிக்கையில் முதல் 87ஐக் காப்பாற்றினால் போதுமா? போதாது. அடுத்தடுத்துள்ள பல நீர்வடிப்பகுதிகளில் திரும்பத் திரும்ப அதே இனங்கள்தாம் இருக்கும். நெவாடா பாலைவனத்தில் டெவில்ஸ் ஹோல் என்று ஒரு பாறைப் பிளவு, உள்ளே வெதுவெதுப்பான நீர். சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மீன், உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது, அந்தப் பிளவில் மட்டும் வாழ்கிறது. 2013 வசந்தகாலக் கணக்கெடுப்பில் 35 மீன்களே தென்பட்டன. இன எண்ணிக்கையில் பார்த்தால் அந்த இடத்துக்கு மதிப்பெண்ணே கிடைக்காது, விட்டுவிட்டால் ஒரு இனமே போய்விடும். ஆகவே அருகிவரும் இனம் ஒன்றுகூட விடுபடாமல் பிழைக்க எந்தெந்தப் பகுதிகள் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். வந்த விடை 327. மொத்தத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு. எனக்கு இந்த அறிக்கையில் மதிப்புள்ள எண் இதுதான். முதலிடம் யாருக்கு என்பது தலைப்புச் செய்திக்கு உதவும், அவ்வளவே.

டெவில்ஸ் ஹோல் இன்னொன்றையும் காட்டுகிறது. அங்கே ஆபத்து மேலிருந்து வடியும் நீரில் இல்லை. பக்கத்துப் பண்ணைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் குளத்தின் மட்டம் இறங்கி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1976இல் மீனுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. நிலத்தடி நீர், மேலே நாம் வரையும் நீர்பிரி கோட்டுக்குக் கட்டுப்படாது. நீர்வடிப்பகுதி என்ற அலகு கைகொடுக்காத இடம் அது.

இந்தியாவில் வாட்டர்ஷெட் தரவரிசை என்று தேடினால் வேறொன்று கிடைக்கும். அகில இந்திய மண், நிலப் பயன்பாட்டு ஆய்வகம் 1990இல் வெளியிட்ட நிலப்பட ஏடு நாட்டை 6 நீர்வள மண்டலம், 35 வடிநிலம், 112 கேச்மென்ட், 500 துணைக் கேச்மென்ட், 3,237 வாட்டர்ஷெட் என்று அடுக்கியிருக்கிறது. அங்கே வடிநிலம், கேச்மென்ட், வாட்டர்ஷெட் மூன்றும் வெவ்வேறு படிகள். மூன்றுக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று எழுதினால் அடுக்கே சரிந்துவிடும். முன்னுரிமை கொடுப்பதும் வேறு அளவுகோலில்: எங்கிருந்து வண்டல் அதிகம் அடித்து வந்து அணையைத் தூர்க்கிறது என்பது. அந்தப் பட்டியலில் ‘மிக அதிக முன்னுரிமை’ பெறுவது அதிகம் அரிக்கப்பட்ட நிலம். பல்லுயிர்ப் பட்டியலில் முதலிடம் பெறுவது அதிகம் உயிர் மிஞ்சிய நிலம். இரண்டையும் ‘முன்னுரிமை நீர்வடிப்பகுதி’ என்றே மொழிபெயர்த்தால், ஒன்றில் தடுப்பணை கட்டச் சொன்னதை மற்றதில் கட்டிவிடுவார்கள். மீன் மேலேறும் ஓடையில் தடுப்பணை வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ‘அரிமான முன்னுரிமை’, ‘பல்லுயிர் முன்னுரிமை’ என்று அடைமொழி போட்டே எழுத வேண்டும். தரவரிசை என்ற சொல்லையும் நான் தவிர்ப்பேன். அது கல்லூரிகளுக்கும் கிரிக்கெட் அணிகளுக்கும் ஆனது, கீழே உள்ளவன் மட்டம் என்ற வாடை அடிக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் உயிர்களைப் பற்றி ஐயூசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2011இல் வெளியிட்ட மதிப்பீடு பல்லுயிர் வகையைச் சேர்ந்தது. மீன், மெல்லுடலி, தும்பி, நீர்த்தாவரம் எல்லாம் சேர்த்து 1,146 வகைகளை எடுத்து, துணை வடிநிலம் வாரியாக நிலப்படத்தில் குறித்தார்கள். சுமார் 16 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது.

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. இடுக்கி மாவட்டத்து மலைகளில் பிறந்து மறையூர் வழியாகச் சின்னாறு காட்டைக் கடந்து வரும் பாம்பாறு, அமராவதி அணைக்குத் தண்ணீர் கொடுத்து, அமராவதியாகக் கரூர் அருகே காவிரியில் கலக்கிறது. 2007இல் இந்தப் பாம்பாற்றில் பிடித்த மீன்களைக் கொண்டுதான் டார் ரெமாதேவி என்ற இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். தூண்டில்காரர்கள் காவிரியில் நெடுங்காலமாகத் தேடிப்போகும், 50 கிலோவுக்கு மேலும் வளரும் கூன்முதுகு மஹசீர் மீனும் அதே இனம்தான் என்று உறுதியானது 2018இல். இன்று அது மிக அருகிய இனப் பட்டியலில் இருக்கிறது. மாநிலவாரியாகப் பட்டியல் போட்டால் பாம்பாறு கேரளக் கணக்கில் போய், மீன் கர்நாடகக் கணக்கிலும் தமிழ்நாட்டுக் கணக்கிலும் சிதறும். நீர்வடிப்பகுதியாகப் போட்டால் மறையூர் ஓடையும் மோயாறும் பவானியும் காவிரி வடிநிலம் என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும்.