தோலைச் சீவும் முன் ஒரு நிமிஷம்

மலச்சிக்கல் என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் உட்கார்ந்ததுமே சொல்வது, "காய்கறி, பழமெல்லாம் நிறையத்தான் சாப்பிடறேன்" என்பதுதான். ஒருவர் எழுதிக் கொண்டுவந்த ஒரு வாரச் சாப்பாட்டுக் குறிப்பில் ஆப்பிள், வெள்ளரி, கேரட், உருளைக்கிழங்கு என்று தினமும் ஏதாவது இருந்தது. எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டால், எல்லாமே தோல் சீவித்தான். வெள்ளரிக்காயைப் பச்சை துளிகூடத் தெரியாதபடி இரண்டு சுற்று சீவுவாராம்.

நடுத்தர ஆப்பிளைத் தோலோடு சாப்பிட்டால் நார்ச்சத்து 4 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும், சீவிவிட்டால் கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும். அவரை முதலில் ஆப்பிளையும் வெள்ளரியையும் மட்டும் சீவாமல் சாப்பிடச் சொன்னேன், தண்ணீரையும் கூட்டச் சொன்னேன். ஏனென்றால் நார்ச்சத்தைத் திடீரென்று ஏற்றினால் வயிறு உப்பிக்கொள்ளும்.

அதற்காக "சத்து முழுக்கத் தோலில்தான்" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். உருளைக்கிழங்கில் வைட்டமின் சி, பொட்டாசியம் எல்லாம் பெரும்பாலும் சதையில்தான் இருக்கின்றன. ஆனால் சீவித் துண்டு போட்டு வேகவைத்தால் அவை தண்ணீரில் இறங்கி, வடிக்கும்போது கூடவே போய்விடும். முழுசாகத் தோலோடு வேகவைத்தால் அவ்வளவு போகாது. வெந்து ஆறியதும் விரலால் இழுத்தாலே தோல் மெல்லிய காகிதம் மாதிரி கழன்று வரும், உரிக்கத்தான் வேண்டுமென்றால் அப்போது உரியுங்கள்.

சரி, பூச்சிமருந்து? நியாயமான பயம். 2017-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு பூச்சிமருந்துகளை ஆப்பிளில் தடவிப் பார்த்தார்கள். 1 சதவீதச் சமையல் சோடாக் கரைசலில், அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன், 12 முதல் 15 நிமிஷம் ஊறவைத்ததில் மேற்பரப்பில் இருந்தது நீங்கிவிட்டது. உள்ளே ஊறிப்போனது மட்டும் முழுசாகப் போகவில்லை. அவ்வளவு நேரமில்லையென்றால் ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், கிழங்குகளுக்கு ஒரு பிரஷ். சோப்பு வேண்டாம், பழம் அதை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம், சீவப்போகிற பழத்தையும் கழுவிவிட்டே சீவுங்கள், தோலில் இருக்கும் கிருமியைக் கத்தி உள்ளே கொண்டுபோய்விடும்.

சீவியே ஆக வேண்டியவையும் உண்டு. மரவள்ளிக்கிழங்கின் தோலில் சயனைடு தரும் பொருள் அதிகம். பச்சை பாய்ந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கில் சோலனின் என்ற நச்சுப்பொருள் சேர்ந்திருக்கும், வேகவைத்தாலும் போகாது. லேசாக இருந்தால் ஆழமாக வெட்டி எடுங்கள், நிறைய இருந்தால் தூக்கிப் போடுங்கள். மாம்பழத் தோல் சிலருக்கு உதட்டைச் சுற்றி அரிப்பும் கொப்புளமும் கொண்டுவரும்.

சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் நான் மேலே சொன்னதற்கு நேர்மாறு: கிழங்கைச் சீவி, சிறு துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும். குடல் அழற்சி அதிகமாக இருக்கும் நாட்களிலும் தோல் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இந்த இரண்டு பிரச்சினை இருப்பவர்களும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக எதையும் மாற்ற வேண்டாம், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.